வழி விடும்மா, டாக்டரு போறாரு

2007 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர் ஏழுமலை ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கடத்திக்கொண்டு போனான். கடத்துகிறோம் என்று அவனுக்கும் தெரியாது, கடத்தப்படுகிறோம் என்று அவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அவன் கூட்டிவர வேண்டியது மயக்க டாக்டரை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மேஜை மேல் கிடந்தாள். வயிற்றுக்குள் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டிருந்தது.

அந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். ஏழுமலை இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான், பென்ஷனுக்குப் பல வருஷம் பாக்கி. அங்கே கத்தி இருந்தது, கத்தியைப் பிடிக்கத் தெரிந்த பிரசவ டாக்டர் இருந்தார், மேஜை இருந்தது, மேஜைக்கு மேல் வட்ட விளக்கு இருந்தது. மயக்க மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. மரத்துப்போகாத வயிற்றில் எந்த டாக்டர் கத்தி வைப்பார்? அதனால் சிக்கலான பிரசவம் என்றால், "மயக்க டாக்டர் இல்ல, மெட்ராஸுக்கு எடுத்துனு போங்க" என்று ஒரே வசனம். எடுத்துக்கொண்டு போவது ஏழுமலையின் ஜீப். சிப்காட் லாரிகளுக்கு நடுவில் ஐம்பது கிலோமீட்டர். செங்குன்றம் வருவதற்குள் அந்த ஜீப்பிலேயே பிறந்த குழந்தைகள் மூன்று. பிறக்காமலே போனவற்றைப் பற்றி ஏழுமலை பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவான்.

அந்த வருஷம்தான் புது ஏற்பாடு வந்திருந்தது. கூப்பிட்டால் வருகிற மாதிரி ஒரு மயக்க டாக்டர், நான்கு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து. மீஞ்சூர்ப் பக்கத்தில் ஒரு கேஸை முடித்துவிட்டு லோக்கல் ரயிலில் வருவார், ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவர வேண்டியது ஏழுமலையின் பொறுப்பு. தலைமை நர்ஸ் முத்தம்மா ஒரு சீட்டில் விவரம் எழுதி அவன் சட்டைப் பையில் திணித்திருந்தார். டாக்டரைக் கண்டுபிடிக்கச் சீட்டு எதற்கு? டாக்டர் டாக்டர் மாதிரிதானே இருப்பார்.

இருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் கறுப்புத் தோல்பை, கொஞ்சம் தூக்கக் கலக்கம். ஏழுமலை ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குத்தான சார்?"

"ஆமாம்பா, ஆஸ்பத்திரிக்குத்தான்." சின்னதுரை என்ற அந்த மனிதர், லேப் டெக்னீஷியனிடம் பாலிசிக்குக் கையெழுத்து வாங்க வந்தவர். பார்ட்டி வண்டியே அனுப்பியிருக்கிறாரே என்று பூரித்துப்போயிருந்தார்.

படிக்கட்டுக்கு முன்னால், முக்காடு போட்ட ஓர் அம்மா ஒயர் கூடையோடு நின்று இங்குமங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வழி விடும்மா, டாக்டரு போறாரு" என்று ஏழுமலை அவரை ஓரமாக ஒதுக்கிவிட்டான். அவரும் மரியாதையாக ஒதுங்கினார்.

வண்டியில் பேச்சு களை கட்டியது.

"இதுவரிக்கும் எத்தினி பேர தூங்க வச்சிருப்பீங்க சார்?"

சின்னதுரை யோசித்தார். "நான் வாயத் தொறந்தாலே தூங்கிடுவாங்கப்பா. எங்க எண்றது?"

என்ன தன்னடக்கம் என்று ஏழுமலை வியந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் முத்தம்மா கையுறையோடு நின்றிருந்தார். "எங்கய்யா டாக்டர்?"

"இதோ சிஸ்டர்."

சின்னதுரை பையைத் திறந்து கலர் கலராகக் காகிதங்களை எடுத்தார். "வணக்கம்மா. உங்களுக்குப் பசங்க எத்தினி பேரு?"

முத்தம்மா காகிதத்தைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார். "யோவ். அந்தச் சீட்ட எடுத்துப் படி."

சீட்டில் இப்படி இருந்தது: 'டாக்டர் நௌஷீன். லேடி. ஒயர் கூடை வச்சிருப்பாங்க.' அதற்குக் கீழே செல் நம்பர்.

"இன்சூரன்ஸ்காரனையாய்யா கூட்டினு வருவ! உள்ள ஒரு பொண்ணு உசுரக் கையில புடிச்சினு கெடக்குதே, உனுக்குக் கண்ணு எங்க பொடனிலயா இருக்குது?" என்று முத்தம்மா போட்ட சத்தம் பிரசவ அறை, வெளிநோயாளிப் பிரிவு, சமையல்கட்டு எல்லாம் தாண்டி ரோட்டுக்குக் கேட்டது. அவரே போன் போட்டு, "மேடம், அங்கயே இருங்க, வண்டி வருது" என்றார். ஏழுமலை வண்டியைத் திருப்பினான்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி. அவசரமே இல்லாமல் ஐம்பத்தெட்டு பெட்டி. அவன் எண்ணினான், வேறு என்ன செய்ய?

நௌஷீன் பிளாட்பாரத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் ஏறி உட்கார்ந்து, "வேகமா போங்க. ஆனா போய்ச் சேரணும்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒயர் கூடைக்குள் வெற்றிலை பாக்கு இருக்கும் என்று நினைத்திருந்தவன், ஊசி மருந்தும் மூச்சுக்குழாயும் இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தான்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசல். சரியான ஆளை ஏற்றியிருந்தால் பதினொன்றுக்கே வந்திருக்கலாம். முப்பத்தெட்டு நிமிஷம். ஏழுமலை பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஃபெயில். இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்துவிட்டது.

நௌஷீன் கை கழுவினார். பெண்ணை உட்காரவைத்து, முதுகை வில் மாதிரி வளைக்கச் சொல்லி, ஓர் ஊசி. ஐந்தே நிமிஷத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. பிரசவ டாக்டர் கத்தியை எடுத்தார். ஏழுமலை வெளியே ஜன்னலுக்கடியில் நின்று குழந்தையின் அழுகைக்குக் காத்திருந்தான். பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குப் பிறந்தது. அழவில்லை. உள்ளே, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பை அமுங்கி அமுங்கி எழும் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்துப் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு குரல்.

தாய் பிழைத்துக்கொண்டாள். அவள் பெயர் ரத்னா, பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பம். குழந்தையைச் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதே ஜீப். பின்னால் முத்தம்மா மடியில் குழந்தை, பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். சென்னை போய்ச் சேரும்வரை ஏழுமலை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பெண்டாட்டி புவனேஸ்வரி கேள்விப்பட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பதினெட்டு நாள் கழித்துக் குழந்தை ஊர் திரும்பியது. எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் கதை மட்டும் நிலைத்துவிட்டது. டீக்கடையில், "நம்ம ஏழுமலை தெரியுமில்ல, ஆபரேஷனுக்கு பாலிசி போட்டவரு" என்று அறிமுகம் செய்தார்கள். அவனே அந்தக் கதையை நடித்துக் காட்டுவான். சின்னதுரை காகிதத்தை எடுக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்வான். அதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை.

தனியாக இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி. அந்தக் குழந்தை தாமதமாக அழுததற்குத் தான்தான் காரணமா?

முத்தம்மாவைக் கேட்டான். "உடுய்யா, நடந்தது நடந்துபோச்சு. போய் டீசல் போட்டுனு வா." பிரசவ டாக்டரைக் கேட்டான். "பல காரணங்கள் இருக்கும்பா" என்றார். புவனேஸ்வரியைக் கேட்டான். "எல்லாம் அம்மன் பாத்துப்பா" என்றாள். அம்மனைக் கேட்கலாம், பதில் வர நேரமாகும்.

கடைசியில், அடிக்கடி வண்டியில் ஏறும் நௌஷீனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பவத்துக்கு மறுவாரமே அவன், சின்னதுரை மன்னிப்புக்கு அடையாளமாகக் கொடுத்துவிட்டுப் போன இன்சூரன்ஸ் காலண்டரின் பின்பக்கத்தில் 'டாக்டர் நௌஷீன்' என்று பெயிண்டால் எழுதி, விமான நிலையத்தில் பிடிப்பார்களே, அது மாதிரி பிளாட்பாரத்தில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் நன்றாகப் பழகிய பிறகும் பிடித்தான்.

"ஏழுமலை, என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும் மேடம். என்னையும் எனக்குத் தெரியும். அதான் புடிச்சினுகீறேன்."

சிரிப்பார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். வீட்டில் எல்லோரும் பேச்சில் கெட்டிக்காரர்கள், இவர் மட்டும் கேட்பதில் கெட்டிக்காரர். கேட்டால் பதில் சொல்வார், வேலையைப் பற்றி மட்டும்.

"குழந்தையை வெளிய எடுக்கறது பத்து நிமிஷம். அந்த நேரத்துல பிரஷர் இறங்காம, மூச்சு தடைபடாம, வலி தெரியாம பாத்துக்கறது என் வேலை. எல்லாம் ஒழுங்கா நடந்தா நான் சும்மா ஸ்டூல்ல உக்காந்திருந்த மாதிரிதான் தெரியும்."

"என்னியும் எங்க ஊட்ல அப்பிடித்தான் சொல்றாங்க மேடம், சும்மா குந்தினு ஓட்றவன்னு."

முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று சொல்லி, கையெழுத்துப் போட மறுக்கும் மாமியார்களைப் பற்றிக் கேட்டான். "புள்ளை பெத்து, புள்ளையத் தூக்கி, ரெண்டு கொடம் தண்ணியும் தூக்கினா முதுகு வலிக்காம என்ன செய்யும்? பழி மட்டும் ஊசிக்கு" என்றார். அவர் வந்த பிறகு மெட்ராஸ் ஓட்டம் வாரத்துக்கு மூன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டதை ஏழுமலை டயரைப் பார்த்தே சொல்வான்.

ஆனால் பேச்சை அந்தப் புதன்கிழமைக்குக் கொண்டுவந்தால், "மேடம், அன்னிக்கி அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தால், நௌஷீன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். "லாரி வருது, ரோட்டப் பாருங்க." எப்போதும் ஏதோ ஒரு லாரி வரத்தான் செய்தது.

பதில் கிடைக்காதவன் குழந்தையைப் பார்க்கப் போக ஆரம்பித்தான். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பாக்கெட் பிஸ்கெட். பழவேற்காடு வரை பஸ், அங்கிருந்து படகு. "வண்டி இந்தப் பக்கம் வந்துது, அப்பிடியே பாத்துட்டுப் போலாம்னு" என்பான். ரத்னாவின் புருஷன் ராஜவேலு பாதி நாள் ஏரியில் வலையோடு இருப்பான். ரத்னா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டே தலையாட்டுவாள். ஏழுமலை, தேன்மொழி என்று பெயர் வைத்த அந்தக் குழந்தைக்கு முன்னால் குந்தி, கன்னத்தை உப்பவைத்துக் குரங்கு முகம் காட்டுவான். அது சிரிக்கும். நன்றாகச் சிரிக்கும். ஆறாம் மாதத்தில்தான் தலை நின்றது. எட்டாம் மாதத்தில் உட்காரவில்லை. பத்தாம் மாதத்தில், உட்காரவைத்தால் இடது பக்கம் சாய்ந்து விழுந்தது. இடது கையை எப்போதும் இறுக்கி மூடியே வைத்திருந்தது. ஏழுமலை அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவான், அவை மறுபடி மூடிக்கொள்ளும்.

பதினோராம் மாதம், மே வெயிலில், அவன் படகிலிருந்து இறங்கியதுமே ரத்னா கேட்டாள்.

"இன்னாண்ணா, இன்னிக்கும் வண்டி இந்தப் பக்கம் வந்துதா?"

"ஆமாம்மா, அப்பிடியே..."

"எங்க ஊருக்கு வண்டி வர ரோடே கெடையாதுண்ணா. ஒன் ஜீப்பு இன்னா நீஞ்சினா வருது?"

பதினோரு மாதமாகச் சொன்ன பொய்யில் இவ்வளவு பெரிய ஏரி இருப்பதை அவன் கவனிக்கவில்லை.

ரத்னா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். "நீ எதுக்கு வர்றேன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கி டாக்டருன்னு யாரோ இன்சூரன்ஸ்காரனக் கூட்டினு வந்தது நீதான?"

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? அந்த நர்சம்மா கத்துனது ஆந்திராவுக்கே கேட்டிருக்கும், நான் பக்கத்து ரூம்புல படுத்துனு இருந்தேன். அப்பால ஊசி போட்டு அறுக்கும்போதும் உன்னியப் பத்திதான் பேசினு இருந்தாங்கோ. முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழதாண்ணா மரத்துப்போவும். காது மரத்துப்போவாது."

படகுத்துறையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஏழுமலை கையிலிருந்த பிஸ்கெட் பாக்கெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"கோவமில்லியாம்மா?"

"இல்லாம? மொத தடவ நீ வந்தப்போ நல்லா நாலு வார்த்த கேக்கணும்னுதான் நின்னேன். நீ பாட்டுக்குக் குந்தி, கொழந்தைக்குக் கொரங்கு மூஞ்சி காட்டினுகீற. அதுவும் சிரிக்குது. எங்கேர்ந்து திட்றது?" குழந்தையின் மூடிய கையைத் தடவினாள். "சரி, அத்த உடு. நீ எனக்கு ஒண்ணு செய்யி. மெட்ராஸுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துனு போறேன். பாக்கலாம், பாக்கலாங்கறாங்கோ. எங்க மாமியா, லேட்டா ஒக்காருற கொழந்தைங்க உண்டுங்குது. இது ஒக்காருமா? நடக்குமா? அந்த மயக்க டாக்டரம்மா உன் வண்டிலதான வருது. கேட்டு எனக்கு நேரா சொல்லு. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். தெரியாமகீறதுதான் தாங்கல."

தன் கேள்வியாக இருந்தவரை ஏழுமலையால் லாரிக்குப் பயந்து ஒதுங்க முடிந்தது. இப்போது அது ரத்னாவின் கேள்வி.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கேஸ் நல்லபடியாக முடிந்தது, ஆண் குழந்தை, பிறந்ததும் ஊரைக் கூட்டியது. நௌஷீனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏழுமலை இன்ஜினை நிறுத்தினான். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன ஏழுமலை, இந்தத் தடவை நிஜமாவே கடத்தறீங்களா?"

"ஆமா மேடம்." அவன் சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்தான். "ரத்னா கேக்கச் சொல்லிச்சி. தேன்மொழி ஒக்காருமா, நடக்குமா? கேட்டு நேரா சொல்லுன்னிச்சி. லாரி ஒண்ணும் வரல மேடம். கேட்டு போட்டுகீது."

நௌஷீன் கூடையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். கூட்ஸ் வண்டியின் முதல் பெட்டி கடந்தது.

"நான் குழந்தைங்க டாக்டர் இல்லை. ஆனா அவளைப் பாக்கற மெட்ராஸ் டாக்டரோட போன்ல பேசியிருக்கேன், ரெண்டு தடவை. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். உக்காருவா. இன்னும் ஆறேழு மாசம் ஆகலாம். நடப்பா, மூணு வயசாகலாம், இடது கால் கொஞ்சம் இழுக்கும். பேச்சைப் பத்தி இப்பவே சொல்ல முடியாதுன்னார். கைக்கும் காலுக்கும் பயிற்சி குடுக்கணும், வாரத்துக்கு ரெண்டு நாள். அதை எப்பவோ ஆரம்பிச்சிருக்கணும். யாரும் வாயைத் திறந்து சொல்லாததாலதான் ஆரம்பிக்கலை. அதுல நானும் ஒருத்தி. இந்த வாரமே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, எங்க போகணும்னு நான் எழுதித் தர்றேன்."

ஏழுமலை தலையாட்டினான். ரத்னாவுக்குச் சொல்ல வேண்டிய வரிசையில் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். உக்காருவா. நடப்பா. கால் இழுக்கும். சாவியை எடுத்தான்.

"இருங்க" என்றார் நௌஷீன். "இது ரத்னாவோட கேள்வி. உங்க கேள்வி ஒண்ணு இருக்கே. பதினோரு மாசமா நீங்க ஆரம்பிப்பீங்க, நான் லாரியைக் காட்டுவேன்."

கூட்ஸ் பெட்டிகள் கடந்துகொண்டே இருந்தன. இந்தத் தடவை அவன் எண்ணவில்லை.

"அன்னிக்குக் காலைல ஒன்பதரைக்கே குழந்தையோட துடிப்பு குறைய ஆரம்பிச்சிடுச்சு. நான் அப்போ இன்னொரு ஆஸ்பத்திரில இன்னொருத்திக்கு ஊசி போட்டுட்டு இருந்தேன், பாதில விட்டுட்டு வர முடியாது. நாலு ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி. அதுல முக்கால் மணி போச்சு. ரயிலுக்கு அரை மணி. ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் ஒரு மயக்க டாக்டர் இருந்தா பத்து மணிக்கே அவ வெளிய வந்து அழுதிருப்பா. இதை மேலிடத்துக்கு எழுத்துலயும் குடுத்திருக்கேன், என் பேரு போட்டு."

"அப்போ நானு..." என்று ஏழுமலை இழுத்தான். கேள்வியை முடிக்காமல் விட்டுவிட்டால் இந்த இடத்தில் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

நௌஷீன் வெளியே பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"ஆமா, ஏழுமலை. உங்க முப்பத்தெட்டு நிமிஷமும் அதுல இருக்கு."